முகமூடிக் காவல்காரி

லயத்துச் சுவரில், கூரைத் தகரத்துக்குச் சற்றுக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு மண்கூடு ஒட்டியிருக்கும். குச்சியால் அதைத் தட்டப்போன எங்களை அதட்டி நிறுத்தி அப்பாயி ஒரு கதை சொன்னார். குளவி எங்கிருந்தோ ஒரு பச்சைப் புழுவைக் கொட்டித் தூக்கிவந்து கூட்டுக்குள் போட்டு மண்ணால் வாயை அடைத்துவிடும். பிறகு கூட்டைச் சுற்றிச் சுற்றி ரீங்காரம் போடும். கொட்டு வாங்கிய புழு உள்ளே கிடந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கும். கேட்டுக் கேட்டுத் தன்னையும் குளவி என்றே நினைக்கத் தொடங்கும். நினைப்பு முற்றி உடம்பு மாறி, ஒருநாள் கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவியாகவே பறந்துபோகும்.

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் மட்டும் வழங்கும் கதை அல்ல இது. வேதாந்திகள் இதற்குப் பிரமரகீட நியாயம் என்று பெயரிட்டார்கள். சைவ சித்தாந்திகள் குருவுக்கும் சீடனுக்கும் உவமையாக்கினார்கள்: குரு வேட்டுவன் குளவி, சீடன் புழு. கொட்டி நினைப்பை மாற்றுகிறவரே நல்லாசிரியர்.

கூட்டை உடைத்துப் பார்த்தால் கதை வேறு. தாய்க்குளவி மண்ணை எச்சிலில் குழைத்துக் குடம் வனைகிறது. குடத்தின் உட்கூரையிலிருந்து மெல்லிய நூலில் ஒரு முட்டையைத் தொங்கவிடுகிறது. அப்புறம்தான் வேட்டைக்குப் போகிறது. ஒவ்வொன்றாகப் புழுக்களைக் கொண்டுவந்து குடத்தை நிரப்பி மூடிவிட்டுப் போய்விடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுக்களைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, குளவியாக வெளியே வருகிறது. உள்ளே போன புழு ஒன்று, வெளியே வந்த உயிர் வேறொன்று.

ஆனாலும் நம் முன்னோர்கள் இரண்டு விஷயங்களைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். கூட்டுக்குள் கிடக்கும் புழு செத்துப்போகவில்லை. செத்திருந்தால் இரண்டு நாளில் அழுகிப்போயிருக்கும். அடுத்தது, குளவியின் கொட்டால் உயிரைப் பறிக்காமல் விருப்பத்தை மட்டும் பறிக்கவும் முடியும். ஒரு பூச்சி இன்னொரு பூச்சியின் விருப்பத்தை எப்படிக் கைப்பற்றுகிறது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்லப்போகிறது. அப்படிக் கைப்பற்றுகிறவர்களில் ஒருத்தி 1930களில் கப்பலேறி வந்து இலங்கையின் தேயிலைக்குக் காவல் நின்றாள். அவளுடைய கதைதான் இதன் மையம்.

*

தோட்டத்தில் குளவி என்ற சொல்லைக் கேட்டதும் யாருக்கும் குரு நினைவுக்கு வருவதில்லை. கூடையை எறிந்துவிட்டு ஓடுவதுதான் நினைவுக்கு வரும். படங்கு கட்டி, நெரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டே போகும்போது ஒரு கை தெரியாமல் கூட்டில் பட்டுவிடுகிறது. அல்லது மேலே நிழல் மரத்தில் தொங்கும் அடையைப் பருந்து கலைத்துவிடுகிறது. அடுத்த நிமிடம் மலை முழுக்க அலறல். மறுநாள் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி: குளவி கொட்டுக்கு இலக்கான தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி. சில நாட்களில் அந்தச் செய்தியின் கடைசியில் ஒரு மரணமும் இருக்கும். மலையகத்தில் பிறந்த எவருக்கும் இப்படி இறந்தவர் ஒருவரையாவது தெரிந்திருக்கும்.

தோட்டத்தில் குளவி என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு வகை உயிர்களை. ஒன்று வெஸ்பா இனத்துப் பெருங்குளவி. தேயிலைத் தூருக்குள்ளும் மரக்கிளையிலும் காகிதம் போன்ற கூடு கட்டும். மற்றது பெருந்தேனீ, சிங்களத்தில் பம்பரா. உயர்ந்த மரத்திலும் பாறை விளிம்பிலும் ஒற்றை அடையாகத் தொங்கும். கோனிகர் தம்பதியர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் இலங்கையில் இந்தத் தேனீக்களைப் பின்தொடர்ந்து, அவை பருவத்துக்கேற்ப உலர்வலயத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே இடம்பெயர்வதை 1980இல் எழுதினார்கள். நேற்றுவரை ஒன்றுமில்லாதிருந்த மரத்தில் இன்று ஓர் அடை தொங்குவதற்கு இதுவே காரணம்.

ஒரு தேனீ கொட்டினால் பத்துத் தேனீ வருவது எதனால் என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கோடு சேர்ந்து ஓர் எச்சரிக்கை மணமும் தோலில் ஒட்டிக்கொள்கிறது. வாழைப்பழ வாசனை போன்றது அது. மற்றத் தேனீக்களுக்கு அந்த மணம் இலக்கைக் காட்டும் அடையாளம். அதனால் நின்ற இடத்திலேயே கையை வீசி அடித்துக்கொண்டிருப்பது மிக மோசமான வழி. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு முடிந்த தூரம் ஓடுவதே சரி. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு போதும், நிமிடங்களில் மூச்சுக்குழல் இறுகி இரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஒவ்வாமை இல்லாதவரையும் நூற்றுக்கணக்கான கொட்டுகள் வேறு வழியில் கொல்லும். விஷம் தசைநார்களை உடைக்கிறது, உடைந்த கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. கொட்டு வாங்கியவர் முதல் நாள் பேசிக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் இறப்பது இதனால்தான்.

இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளவியின் நல்ல முகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த முகத்தை ஒரு வரியில் கடந்துபோவது நியாயமில்லை.

*

கொட்டுவது பெண்குளவி மட்டும்தான். ஆண்குளவிக்குக் கொடுக்கே கிடையாது. ஏனென்றால் கொடுக்கு ஆயுதமாகப் பிறந்ததல்ல. அது முட்டையிடும் குழல்.

குளவிக் குலத்தின் ஆதி முன்னோர்கள் இலை தின்பவர்கள். இலைத்தண்டை அறுத்து உள்ளே முட்டை வைக்க அவர்களுக்கு ஒரு குழல் இருந்தது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அவர்களில் ஒரு கிளை, செடிக்குப் பதிலாக இன்னொரு பூச்சியின் உடம்பில் அந்தக் குழலைச் செருகத் தொடங்கியது. முட்டையோடு விஷமும் சேர்ந்தது. மிகப் பிற்காலத்தில் அந்தக் கிளையின் ஒரு கொப்பில் குழல் முட்டையிடும் வேலையையே விட்டுவிட்டு முழுக்க விஷ ஊசியானது. அந்தக் கொப்பில் வந்தவர்கள்தான் நாம் அஞ்சும் பெருங்குளவியும், மண்கூட்டுக் குளவியும், எறும்பும், தேனீயும். அறிவியலுக்குத் தெரிந்த குளவி இனங்களில் பெரும்பாலானவை மனிதரைக் கொட்டுவதே இல்லை. கொசு அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் இருக்கும் அவை, பிற பூச்சிகளின் உடலில் முட்டையிட்டுக் காலத்தை ஓட்டுகின்றன. தேயிலைத் தூரில் அப்படி ஒன்று வந்து உட்கார்ந்தால் பறிக்கிறவர் கண்ணுக்கு அது ஏதோ ஒரு பூச்சி, அவ்வளவுதான்.

சார்ல்ஸ் டார்வினை இந்தக் குளவிகள் மிகவும் வருத்தின. 1860 மே மாதம் அமெரிக்கத் தாவரவியலாளர் அசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடிருக்கும் புழுவை உள்ளிருந்து தின்னும் இப்படி ஓர் உயிரைக் கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று எழுதினார். அவர் கண்ணில் இது வில்லன் குலம்.

இந்தக் குலத்தின் மனவசியக் கலையைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. காம்பராவில் அடுப்படிக்குப் பின்னால் ஓடும் கரப்பான் பூச்சியே போதும். ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸா என்பது மரகதப் பச்சையில் மின்னும் ஒரு குளவி. தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்வது. தன்னைவிடப் பெரிய கரப்பானைப் பிடித்து இரண்டே இரண்டு முறை கொட்டும். முதல் கொட்டு நெஞ்சில். முன்னங்கால்கள் சில நிமிடங்களுக்குச் செயலிழக்கும். அந்த இடைவெளியில் இரண்டாவது கொட்டு கழுத்து வழியாகத் தலைக்குள், நேராக மூளைக்குள்.

மூளைக்குள்தான் என்பதை எப்படி உறுதி செய்தார்கள்? இஸ்ரேலின் பென்குரியன் பல்கலைக்கழகத்தில் ஃபிரடெரிக் லிபர்சாட்டின் குழு, குளவிகளின் விஷம் கதிரியக்கம் வீசும்படி செய்து அவற்றைக் கரப்பான்களைக் கொட்ட விட்டது. பிறகு கரப்பானின் உடலில் கதிரியக்கம் எங்கே தேங்கியிருக்கிறது என்று தேடியது. அது மூளையிலும், வாய்க்குக் கீழுள்ள நரம்பு முடிச்சிலும் இருந்தது. 2003இல் வந்த முடிவு இது. பின்னர் அதே ஆய்வுக்கூடத்தில், மூளை அகற்றப்பட்ட கரப்பானைக் குளவியிடம் கொடுத்தார்கள். குளவி கொடுக்கைத் தலைக்குள் விட்டு வெகுநேரம் துழாவிக்கொண்டே இருந்தது. கொடுக்கின் நுனியில் தொட்டும் சுவைத்தும் அறியும் உணர்விகள் இருக்கின்றன. கண் இல்லாத இடத்தில் அந்த ஊசி மூளையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது.

கொட்டு வாங்கிய கரப்பான் முதல் அரைமணி நேரம் தன்னைத் தானே விடாமல் சுத்தம் செய்துகொண்டிருக்கும். விஷத்திலுள்ள டோபமைன் செய்யும் வேலை அது. அதற்குப் பிறகுதான் விசித்திரம். அதற்கு நடக்க முடியும், மல்லாக்கப் போட்டால் புரள முடியும், காற்றில் எறிந்தால் சிறகடிக்கவும் முடியும். ஆனால் தானாக எழுந்து நடக்கத் தோன்றாது. குளவி அதன் உணர்கொம்புகள் இரண்டையும் பாதியில் வெட்டி, மிச்சத்தில் ஒன்றைப் பிடித்து, மூக்கணாங்கயிறு போட்ட மாட்டை நடத்துவதுபோல வளைக்கு நடத்திச் செல்லும். அங்கே அதன் காலில் ஒரு முட்டையை ஒட்டிவிட்டு, வாசலைச் சிறுகற்களால் அடைத்துவிட்டுப் போய்விடும். கரப்பான் அப்படியே உட்கார்ந்திருக்கும். தப்பி ஓடத் தேவையான எல்லாம் அதனிடம் இருக்கிறது. ஓட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இல்லை.

அதே கரப்பானுக்கு ஆக்டோபமைன் என்ற நரம்புவேதிப்பொருளின் வேலையைச் செய்யும் மருந்தைச் செலுத்தியபோது அது ஓரளவு மீண்டும் நடக்கத் தொடங்கியது. பூச்சிகளில் ஊக்கத்தைத் தூண்டும் பொருள் ஆக்டோபமைன். நாம் மனம், விருப்பம், எண்ணம் என்றெல்லாம் சொல்வது குறைந்தபட்சம் ஒரு கரப்பானிலாவது ஒரு துளி திரவத்தால் அணைக்கவும் ஏற்றவும் கூடியது. இதைப் படித்த அன்று எனக்கு அப்பாயியின் கதைதான் நினைவுக்கு வந்தது. கொட்டினால் நினைப்பு மாறும் என்று அவர் சொன்னது வெறும் கற்பனை இல்லை.

*

இனி தேயிலைக்கு வருவோம்.

1861இல் ஜான் நீட்னர் என்ற ஜெர்மானியத் தோட்டக்காரர் இலங்கையின் கோப்பிச் செடிக்குப் பகையான பூச்சிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு சின்னப் பழுப்பு நிற அந்துப்பூச்சிக்குக் கோப்பியின் பெயரையே வைத்தார். இன்று அதன் அறிவியல் பெயர் ஹோமோனா கோஃபியாரியா. 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. அந்துப்பூச்சி கோப்பியோடு அழியவில்லை. பெயரில் கோப்பியை வைத்துக்கொண்டு தேயிலைக்குக் குடிமாறியது.

இந்த அந்துப்பூச்சி முதிர்ந்த இலையின் மேல் முட்டைகளை ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கி வைக்கும். பொரிந்து வரும் புழு இரண்டு மூன்று இலைகளைப் பட்டுநூலால் சேர்த்துத் தைத்து, உள்ளே ஒளிந்துகொண்டு தின்னும். கொழுந்து சுருண்டு வீணாகும். இலைக்குள் பதுங்கியிருப்பதால் தெளிக்கும் மருந்து எளிதில் போய்ச் சேராது. முட்டைக் கூட்டங்களைக் கையால் பொறுக்கி அழிப்பதுதான் அன்று கைகண்ட வழி. அந்தக் கைகள் யாருடையவை என்று மலையகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை.

இலங்கையின் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. தலவாக்கலையில் இருக்கிறது, ஊவாவுக்கென்று பசறையில் ஒரு கிளையும் உண்டு. அந்த நிலையத்தின் பூச்சியியலாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். இதே புழு ஜாவாவிலும் இருக்கிறதே, அங்கே யார் அதைக் கட்டுப்படுத்துகிறார்கள்? விடை ஒரு மெல்லிய, நீண்ட குழலுள்ள ஒட்டுண்ணிக் குளவி. பின்னாளில் அதற்கு மேக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்று பெயரிட்டார்கள். 1935–36இல் அதை ஜாவாவிலிருந்து கொண்டுவந்து இலங்கைத் தோட்டங்களில் விட்டார்கள். குளவி பரவியது, சில ஆண்டுகளில் புழு அடங்கியது. வெப்பமண்டலத்தில் ஒரு பூச்சியைக் கொண்டு இன்னொரு பூச்சியை அடக்கியதில் மிக நல்ல வெற்றிகளில் ஒன்றாக இதை இன்றும் பாடநூல்கள் சொல்கின்றன.

தோட்டத்து மனிதர்களுக்குக் குளவி எமன். அந்த எமனின் குலத்திலிருந்தே தேயிலைக்கு ஒரு காவல்காரி வந்தாள். நமக்கு இப்படிப்பட்ட கதை புதிதில்லை. குற்றவாளி என்று மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட வீரன்தான் மதுரைக் கோயில் வாசலில் காவல் தெய்வமாக நிற்கிறான். தோட்டத்து எல்லையில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் முனியும் அச்சமும் காவலும் ஒன்றாய்ச் சேர்ந்த உருவம்தான்.

இந்தக் காவல்காரியின் வேலைமுறை ஆம்புலெக்ஸைவிட நுட்பமானது. அவள் புழுவை மயக்குவதில்லை, தூக்கிச் செல்வதுமில்லை. தைத்த இலைக்குள் நீண்ட குழலை விட்டு, புழுவின் உடலுக்குள் முட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். புழு வழக்கம்போலத் தின்று வளர்கிறது. உள்ளே அந்த முட்டை பிளந்து பிளந்து பல கருக்களாகிறது. ஒரே முட்டையிலிருந்து ஒரு கூட்டம் உடன்பிறப்புகள். புழு முழுதாக வளர்ந்ததும் அவை உள்ளேயிருந்து தின்று வெளியேறி, அந்த இலைச்சுருளுக்குள்ளேயே நெருக்கமாகக் கூடு கட்டுகின்றன.

ஆனால் புழுவின் உடம்பு சும்மா இருக்குமா? பூச்சிகளுக்கும் எதிர்ப்பு அணுக்கள் உண்டு. அந்நியப் பொருள் எதுவும் உள்ளே வந்தால் அவை சூழ்ந்து ஒட்டி, உறைபோல மூடி, மூச்சடைத்துக் கொன்றுவிடும். குளவியின் முட்டை பிழைக்க வேண்டுமானால் முகமூடி வேண்டும்.

மேக்ரோசென்ட்ரஸ் குடும்பத்தின் இன்னோர் உறுப்பினர் கிழக்காசியாவில் சோளத்தண்டுப் புழுவைத் தாக்குகிறது. அதன் முட்டையின் மேலோட்டில் இழை இழையான ஒரு படலம் இருக்கிறது. அந்தப் படலம் இருக்கும்வரை எதிர்ப்பு அணுக்கள் முட்டையை அந்நியனாகக் காண்பதில்லை. அதே பெருங்குடும்பத்தின் வேறொரு கிளை இன்னும் விநோதமான முகமூடியைக் கண்டுபிடித்தது. கொட்டேசியா என்ற சின்னஞ்சிறு குளவிகள் அந்தக் கிளை. வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குக் கோவாவைத் துளைத்துத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியைத் தெரியும். ஆசியாவில் அதன் புழுவுக்கு எமனாக இருப்பவற்றில் ஒன்று ஒரு கொட்டேசியா. அவள் முட்டையோடு சேர்த்து ஒரு வைரஸையும் புழுவுக்குள் செலுத்துகிறாள். வைரஸ் புழுவின் எதிர்ப்பு அணுக்களை முடக்கிவிடுகிறது. முட்டை நிம்மதியாகப் பொரிகிறது.

அந்த வைரஸ் எங்கிருந்து வந்தது என்று தேடியவர்களுக்குக் கிடைத்த விடை 2009இல் வெளியானது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு நோய்க்கிருமி இந்தக் குளவிகளின் மூதாதை ஒருத்தியைத் தொற்றியிருக்கிறது. தொற்றியது போகவில்லை. அதன் மரபணுக்கள் குளவியின் மரபணுக்களுக்குள்ளேயே தங்கிவிட்டன. இன்று அந்த வைரஸால் தனியாகப் பெருகவே முடியாது. குளவியின் சூலகத்தில் உருவாகி, முட்டைக்கு மெய்க்காப்பாளனாகப் புழுவுக்குள் போய், அங்கே தன் வேலையை முடித்து மடிந்துவிடுகிறது. திருந்திய வில்லன் என்று உயிரியலில் எதையாவது சொல்லலாமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். நோயாக வந்தது, முகமூடியாக நின்றது.

மனவசியத்தின் உச்சமும் இந்தக் கிளையில்தான். பிரேசிலில் கொட்டேசியாவின் நெருங்கிய உறவான ஒரு குளவி, கொய்யா இலை தின்னும் ஒரு புழுவுக்குள் எண்பது முட்டைகள் வரை வைக்கிறது. குஞ்சுகள் புழுவின் தோலைத் துளைத்து வெளியேறிப் பக்கத்திலேயே கூடு கட்டியதும், செத்திருக்க வேண்டிய புழு சாவதில்லை. தின்பதை நிறுத்திவிட்டு, அந்தக் கூடுகளின் மேல் வளைந்து நின்று காவல் காக்கிறது. வேறு பூச்சி நெருங்கினால் தலையை வீசி அடிக்கிறது. தன்னைத் தின்றவர்களையே காத்துவிட்டுப் பிறகு இறக்கிறது. 2008இல் இதை ஆராய்ந்தவர்கள் புழு காவல் நின்ற கூடுகளையும், புழு அகற்றப்பட்ட கூடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காவல் நின்ற இடத்தில் கூடுகளின் இறப்பு பாதியாகக் குறைந்திருந்தது. அந்தப் புழுவின் உடலுக்குள் ஒன்றிரண்டு குளவிக் குஞ்சுகள் வெளியேறாமல் தங்கியிருந்தன. உடன்பிறப்புகளுக்காக உள்ளேயே தங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்களாக இருக்கலாம்.

காவல்காரிக்குத் துப்புக் கொடுப்பவரும் உண்டு: செடிதான். புழு கடித்த செடி ஒருவகை மணத்தை வெளிவிடுகிறது. குளவி அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. 1990இல் டர்லிங்ஸ் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் சோளச்செடியில் இதைக் காட்டினார்கள். வெறுமனே இலையைக் கிழித்தால் அதே மணம் வருவதில்லை. புழுவின் எச்சில் பட வேண்டும்.

*

1950களில் ஊவா உட்பட மலைநாட்டுத் தோட்டங்களில் இன்னொரு பிரச்சினை பெரிதாக இருந்தது. தேயிலைக் கிளைக்குள் ஊசித்துளை போட்டு, உள்ளே பூஞ்சை வளர்த்துத் தின்னும் ஒரு சின்ன வண்டு. துளை விழுந்த கிளை கொழுந்து பறிக்கும்போதே ஒடிந்துபோகும். வண்டு கிளைக்குள் இருப்பதால் நீண்ட நாள் நின்று வேலை செய்யும் மருந்து தேவைப்பட்டது. டீல்ட்ரின் வந்தது, டி.டி.டி.யின் உறவுக்காரன். வண்டு குறைந்தது. ஆனால் இருபது ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு, டீல்ட்ரின் தெளித்த மலைகளில் திடீரென்று வெடித்துப் பெருகியது.

காரணம் கண்டுபிடிக்க நெடுநாள் ஆகவில்லை. தைத்த இலைக்குள் ஒளிந்திருந்த புழுவை டீல்ட்ரின் அதிகம் தொடவில்லை. இலைக்கு வெளியே, புழுவைத் தேடி இலை இலையாக நடந்த குளவியை அது கொன்றது. காவல்காரியின் இருப்பு அவள் இல்லாமல் போன பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சியியலாளர்கள் இதைத் தொடர்ந்து எழுதினார்கள். மருந்தே நோயைக் கொண்டுவந்த நிகழ்வுக்கு உலகம் முழுவதும் காட்டப்படும் உதாரணங்களில் இலங்கைத் தேயிலையும் ஒன்றானது. போர்னியோவில் மலேரியாவுக்காக வீடுகளுக்குள் டி.டி.டி. அடித்தபோதும் இதேதான் நடந்தது. கூரை ஓலையைத் தின்னும் புழுவின் குளவிகள் செத்தன, கூரைகள் அரித்து விழுந்தன.

எதிரியின் எதிரியைக் கொண்டுவந்து விட்டால் எப்போதும் நன்மைதான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஜாவாவிலிருந்து இலங்கைக்குக் குளவி வந்த அதே 1935இல்தான் கரும்பு வண்டைத் தின்பதற்காக அவாயிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு பெருந்தேரையைக் கொண்டுபோனார்கள். தேரை வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்றது. அதைத் தின்ற பல்லியும் பாம்பும் விஷமேறிச் செத்தன. இன்றுவரை ஆஸ்திரேலியா அதிலிருந்து மீளவில்லை.

ஒரே ஆண்டில் இருவர் கடல் கடந்தார்கள். ஒருவர் காவல்காரர், மற்றவர் கொள்ளைக்காரர். வேறுபாடு நல்லெண்ணத்தில் இல்லை. இரண்டுக்கும் நம்மேல் அக்கறை கிடையாது. வேறுபாடு வாயில் இருக்கிறது. தேரை வாயில் அடங்கும் எதையும் தின்னும். இந்தக் குளவிகளோ ஒரு சில புழுக்களின் உடலுக்குள் மட்டுமே வாழத் தெரிந்தவை. ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பு அணுவை ஏமாற்றச் செய்த முகமூடி வேறு உடம்பில் பலிக்காது. டார்வினை உறுத்திய கொடூரமே, அந்த நுட்பமே, அவற்றை மற்ற உயிர்களுக்கு ஆபத்தில்லாதவை ஆக்குகிறது. அதனால்தான் 2008இல் பப்பாசியில் மாவுப்பூச்சி வந்தபோது இலங்கை மறுபடியும் ஒரு குளவியைத்தான் நாடியது. பியூர்ட்டோரிக்கோவிலிருந்து 2009இல் வந்த அசெரோஃபேகஸ் பப்பாயே அது. தமிழ்நாட்டிலும் 2010இல் அதே குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு இடங்களிலும் பப்பாசி பிழைத்தது.

குளவி நமக்காக வேலை செய்கிறது என்று சொல்வதும் பிழைதான். டைனோகாம்பஸ் என்றொரு குளவி, செடிப்பேன் தின்று நமக்கு நன்மை செய்யும் பொறிவண்டையே பிடித்து அதே வசியத்தைச் செய்கிறது. தன் கூட்டின் மேல் அதை உட்காரவைத்துக் காவலுக்கு நிறுத்துகிறது. அங்கேயும் ஒரு வைரஸ் உடந்தையாக இருக்கலாம்.

*

கொட்டும் குளவி, காவல் நிற்கும் குளவி இரண்டையும் இவ்வளவு அருகில் வைத்துப் பார்த்த பிறகு, தோட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

ஒரு மலையில் பெருங்குளவிக் கூடு இருந்ததற்காக அந்த மலை முழுக்க மருந்தடிப்பது தவறு. அது பெருங்குளவியோடு சேர்த்து, பெயர் தெரியாத நூறு காவல்காரிகளையும் கொல்லும். இரண்டு ஆண்டு கழித்துச் சுருண்ட கொழுந்தாக அதன் விலை வரும். அதே சமயம், இயற்கையைக் காக்கிறோம் என்று சொல்லிப் பெண்களை அடை தொங்கும் மரத்தடிக்கு அனுப்புவது அதைவிடப் பெரிய தவறு. கண்ணுக்குத் தெரியாத குளவி கொடுத்த லாபம் தோட்டத்துக்குப் போகிறது. கண்ணுக்குத் தெரியும் குளவி கொடுத்த கொட்டு கொழுந்து பறிப்பவருக்கு வருகிறது. இந்தக் கணக்கு நேராக வேண்டும்.

செய்ய வேண்டியவை சிறியவை. நெரை பிடிப்பதற்கு முன் ஒரு ஆள் போய்த் தூர்களையும் நிழல் மரங்களையும் பார்த்து வர வேண்டும். கூடு இருக்கும் இடத்தில் தூரத்திலிருந்தே தெரியும்படி சிவப்புத் துணி கட்ட வேண்டும். அந்த நெரையை அன்று விட்டுவிட வேண்டும், விட்ட நெரைக்காக யாருடைய பெயரையும் வெட்டக் கூடாது. இடம்பெயரும் தேனீ எந்த மாதத்தில் எந்த மரத்துக்கு வருகிறது என்பது ஒவ்வொரு மலையிலும் பறிப்பவர்களுக்குத் தெரியும். அதைக் கேட்டு எழுதி வைக்க ஒரு கொப்பி போதும். கூட்டை அகற்றியே ஆக வேண்டுமென்றால் தெரிந்தவர்களைக் கொண்டு, ஆட்கள் இல்லாத நேரத்தில், அந்தக் கூட்டை மட்டும் அகற்ற வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று. ஒவ்வாமையால் மூச்சு இறுகும்போது உயிரைக் காப்பது தொடைத் தசையில் உடனே போடும் அட்ரினலின் ஊசி. லொறி பிடித்து, வளைந்து வளைந்து கீழிறங்கி, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அந்த மூச்சு காத்திருக்காது. உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் அட்ரினலின் இருக்கிறதா, அதைப் போடத் தெரிந்தவர் பறிக்கிற நேரத்தில் அங்கே இருக்கிறாரா என்று நாளைக்கே போய்க் கேளுங்கள்.